ஓட்டை இல்லாத ஷூ

தெருக்குழாயில் தண்ணீர் வந்ததும் அப்பா இரண்டு குடம் பிடித்து வைப்பார். ஸ்டவ்வுக்குக் காற்று அடிப்பார். டீ போடுவார். பிறகு உப்புமா கிண்டுவார். நேற்றும் உப்புமாதான். நாளைக்கும் உப்புமாதான்.

இன்பம் சாப்பிட்டு முடித்ததும் அப்பா அவளுக்கு இரட்டை ஜடை போட்டுவிடுவார். வலது ஜடை எப்போதும் இடது ஜடையைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், "எங்க வீட்டு ஸ்டைல்" என்பாள்.

கம்பெனிச் சங்கு ஊதும். அப்பா கதவைப் பூட்டுவார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். இருவரும் பேசாமல் நடப்பார்கள். மசூதி முனையில் அப்பா இடது பக்கம் திரும்புவார். இன்பம் நேரே போவாள்.

"வர்றேன்ப்பா."

"ம்."

அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்போதிலிருந்து அந்த வீட்டில் 'ம்' தான் ஜாஸ்தி.

இன்பத்துக்குப் பதினோரு வயது. அவள் அப்பா ஜெயகரன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்தார். ஒரு ஷூவை முதலில் காகிதத்தில் வரைய வேண்டும். பிறகு அதன் ஒவ்வொரு துண்டையும் அட்டையில் வெட்ட வேண்டும். அந்த அட்டையை வைத்துத்தான் தோலை வெட்டுவார்கள். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். பேட்டர்ன் போடுவது அப்பாவின் வேலை. கறுப்பு ஸ்கூல் ஷூவாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

நவம்பர் மாதம் ஒரு நாள் அப்பா ஒரு படத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார்.

படத்தில் இரண்டு வெள்ளைச் சுவர்கள் வானம்வரை நின்றன. நடுவே ஓர் ஒடுக்கமான வழி. வழி முழுக்கத் தண்ணீர். ஒரு குடும்பம் முட்டியளவு தண்ணீரில் நடந்து போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பின்னால் ஒரு சிறுமி. அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"இது எந்த ஊர்ப்பா?"

"மத்தியதரைக் கடல்ல ஒரு தீவு."

"யார் இவ்ளோ பெரிய சுவர் கட்டினாங்க?"

"சுவர் இல்ல. மலை. சுண்ணாம்புக் கல் மலை. மழைத் தண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு ரெண்டா பிளந்துடுச்சு. ஆயிரக்கணக்கான வருஷமா. அந்தப் பிளவுக்குள்ள நடந்து போகணும்னே ஜனங்க வர்றாங்களாம்."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது. இன்பம் பேச்சை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள்.

"சுண்ணாம்புன்னா, தோல் பதப்படுத்தற ஷாப்ல தொட்டியில போடறதா?"

"அதேதான்."

"அதுல ஊறினாதானே ஆட்டுத் தோல்லேருந்து முடி கொட்டும்?"

"ஆமா."

"அப்ப அந்த மலையில நடந்தா கால் முடியெல்லாம் கொட்டிடுமா?"

அப்பாவின் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது.

"தொட்டியில போடறது சுட்ட சுண்ணாம்பு. இது வெறும் கல்லு. கொட்டாது." பிறகு படத்தின் கடைசியில் இருந்த சிறுமியைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பொண்ணுக்குத்தான் நான் ஷூ பண்றேன்."

அந்தத் தீவில் கடை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பிள்ளைகள் மலைப்பிளவுக்குள் நடப்பதற்கு ஷூ கேட்டிருந்தது. மாதிரி ஷூ பிடித்துப்போனால் எல்லா அளவிலும் ஆர்டர் வரும். எல்லா அளவுக்கும் அப்பாவே பேட்டர்ன் போடுவார். பிடிக்காவிட்டால் திரும்பவும் கறுப்பு ஸ்கூல் ஷூ. திரும்பவும் 'ம்'.

அன்று முதல் இன்பம் இரவு ஜெபத்தில் அந்த ஷூவையும் சேர்த்துக்கொண்டாள்.

*

டிசம்பரில் ஷூ தயாரானது. மண் நிறம். கணுக்கால்வரை உயரம். தடித்த நாடா. இரண்டு ஜோடி செய்திருந்தார்கள். ஒரு ஜோடி தீவுக்குப் போகும். இன்னொன்றை இங்கே ஒரு பிள்ளை போட்டுப் பார்க்க வேண்டும்.

அளவு முப்பத்து நாலு. இன்பத்தின் கால் அச்சாக முப்பத்து நாலு.

"பாப்பா கால் கம்பெனிக் கால்!" என்றார் நிசார் அஹமது. அவர்தான் மாதிரி ஷூ செய்யும் சாம்பிள் ரூமுக்கு மாஸ்டர். இன்பத்தின் தோழி சுகராவுக்கு அப்பா. பெரிய உருவம், பெரிய குரல். சின்ன வயதில் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவது அந்த வேலை. குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தோல் கழிவுக்குப் போய்விடும். ஆம்பூரில் ஓட்டை என்பது கெட்ட வார்த்தை மாதிரி.

"இங்க பார் பாப்பா."

நிசார் மாமா ஒரு தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி ஷூவை அதில் வைத்தார். ஷூவுக்குள் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் போட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். காகிதத்தை வெளியே எடுத்தார். காய்ந்த காகிதமாகவே வந்தது.

"பார்த்தியா? தையல் ஓட்டையில கூட மெழுகு வெச்சு அடைச்சிருக்கான் உங்கப்பன். ஒரு சொட்டு உள்ள போகாது. எறும்புகூடப் போக முடியாது. இந்த ஷூவுல ஓட்டையே கிடையாது!"

அப்பாவின் காது மட்டும் சிவந்தது.

இன்பம் ஷூவைப் போட்டுக்கொண்டு சாம்பிள் ரூம் கார்ப்பெட்டில் நடந்தாள். மெத்தென்று இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"நல்லா இருக்குப்பா."

"முடிஞ்சுது!" என்றார் நிசார் மாமா. "செவ்வாய்க்கிழமை பார்சல் போட்டுடலாம். பாப்பா, நீ இதை ஞாயித்துக்கிழமை போட்டுட்டு பஜார் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வா. ஆனா சேத்துல மிதிக்காதே. கல்லுல தேய்க்காதே. தண்ணியில நனைக்காதே."

இன்பம் சுவரைப் பார்த்தாள். அதே படம் அங்கேயும் ஒட்டியிருந்தது.

"மாமா, அந்தப் பொண்ணு தண்ணியில நிக்குது."

"அதுக்கு?"

"பஜார்ல தண்ணி இல்லயே."

நிசார் மாமா தலையைச் சொறிந்தார். இன்பம் அப்பாவைப் பார்த்தாள். "கானாத்துக்குப் போலாமாப்பா? மழை பேஞ்சிருக்கு. தண்ணி இருக்கும்."

மலையிலிருந்து இறங்கும் ஓடையை அந்தப் பக்கத்தில் கானாறு என்பார்கள். 'ம்' வரும் என்றுதான் இன்பம் நினைத்தாள்.

"போலாம்," என்றார் அப்பா.

*

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் கிளம்பினார்கள். அப்பா, இன்பம், சுகரா.

சுகரா கூப்பிடாமலே வந்துவிட்டாள். காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. கையில் அம்மா கட்டிக்கொடுத்த குஸ்கா பொட்டலம்.

"நீங்க இன்னா மாமா எடுத்துட்டு வந்தீங்க?" என்று அவள் பஸ்ஸில் கேட்டாள்.

"உப்புமா."

"அய்யய்யோ," என்றாள் சுகரா. பிறகு மரியாதைக்காக, "எனக்கு உப்புமா ரொம்பப் பிடிக்கும். ஆனா இன்னைக்கு வேணாம்," என்றாள்.

மலையடிவாரத்தில் பஸ் இறக்கிவிட்டது. நிலக்கடலைக் கொல்லைகளைத் தாண்டி நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் கொல்லை முடிந்தது. பாறை தொடங்கியது. இரண்டு பக்கமும் மலை கிட்டக் கிட்ட வந்தது. நடுவே கானாறு. வெயில் மேலேயே நின்றுவிட்டது. கீழே நிழலும் குளிர்ச்சியும் தண்ணீர்ச் சத்தமும்.

"இதுவும் தண்ணி கரைச்ச வழிதானாப்பா?"

"இல்ல. நம்ம மலை கருங்கல். தண்ணியால இதைக் கரைக்க முடியாது. உருட்டத்தான் முடியும். அதான் இவ்ளோ உருண்டைக் கல்லு."

இன்பம் முதல் பாறையில் ஏறினாள். ஷூ பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த பாறை. அதற்கடுத்தது. கூரான கல்லை மிதித்தாலும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பின்னால் சுகரா ஒவ்வொரு பாறையிலும் நான்கு காலில் தவழ்ந்து வந்தாள்.

"ஆடு மாதிரி ஏறுறியே!" என்று கத்தினாள் சுகரா.

"ஆட்டுக்கு ஏதுடி ஷூ?"

"ஆட்டுத் தோல்தானே ஷூ!"

அப்பா அதைக் கேட்டார். முன்னால் நடந்துகொண்டே ஏதோ செய்தார். என்ன சத்தம் என்று இன்பத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்பா விசில் அடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் பாட்டு. போன கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் பாட்டே இல்லை.

அப்போது வழி முடிந்து மடு வந்தது. பாறைக்குப் பாறை தண்ணீர். இறங்கித்தான் போக வேண்டும். அப்பா பேண்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். முட்டியளவு. சுகரா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். இன்பமும் இறங்கினாள்.

ஷூ தண்ணீரை உள்ளே விடவில்லை. கணுக்கால்வரை விடவில்லை. அதற்கு மேலே ஷூ இல்லை. தண்ணீர் மேல்வழியாக மடமடவென்று உள்ளே போனது.

மறுகரையில் ஏறியதும் இன்பம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

சளக்.

இன்னோர் அடி. சளக்.

உள்ளே போன தண்ணீர் உள்ளேயே இருந்தது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார் அப்பா. ஒவ்வொரு காலும் ஒவ்வொரு குடம் மாதிரி கனத்தது.

"எப்படி இருக்கு?" என்று அப்பா திரும்பாமலே கேட்டார்.

"நல்லா இருக்குப்பா."

விசில் தொடர்ந்தது.

சளக், சளக், சளக்.

"ஏய்," என்றாள் சுகரா மெதுவாக. "உன் ஷூவுக்குள்ள தவளை போயிருக்கா?"

"சும்மா இருடி."

"நிஜமாத்தான் கேக்கறேன். கத்துதே."

"தண்ணி இருக்கு. அப்பாகிட்ட சொல்லாதே."

"ஏன்?"

இன்பம் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். இரண்டு டம்ளர் தண்ணீராவது இருக்கும். நனைந்த நாடாவை மறுபடி கட்டுவதற்குள் அப்பா தொலைவில் போய்விட்டார். ஓடிப்போய்ச் சேர்ந்தாள். அடுத்த மடு வந்தது. மறுபடி தண்ணீர். மறுபடி கழற்றினாள். மறுபடி ஓடினாள்.

அதற்கடுத்த மடுவில் கழற்றவில்லை. குதிகாலில் கொப்புளம் வந்திருந்தது. கழற்றினால் மறுபடி போட முடியாது.

"பேஜார் பிடிச்ச ஷூ," என்றாள் சுகரா.

"நல்ல ஷூடி. பாறையில எப்படிப் பிடிக்குது பார்த்தேல்ல?"

"பாறையில நல்ல ஷூ. தண்ணியில பக்கெட்டு. என் செருப்பைப் பார். ஆறு ரூபா. இந்தப் பக்கம் வர்ற தண்ணி அந்தப் பக்கம் போய்டுது."

அது உண்மை. ஆனால் விசில் சத்தம் முன்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது சொன்னால் அது நின்றுவிடும். ஒரு நாள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடலாம். நாளைக்கு மறுநாள் பார்சல் போய்விடும். பார்சல் போனபின் அந்த ஷூவைத் தீவில்தான் போட்டு நடப்பார்கள். இங்கே யாருக்கும் கால் வலிக்காது.

படத்தில் இருந்த சிறுமிக்குத்தான் வலிக்கும்.

இன்பம் நின்றாள். அந்தச் சிறுமியும் இப்படித்தான் கடைசியாக நடப்பாள். அவளுடைய அப்பா முன்னால் போவார். எப்படி இருக்கு என்று அவர்கள் பாஷையில் கேட்பார். புது ஷூ வாங்கித் தந்த அப்பா. அவளும், நல்லா இருக்குப்பா என்றுதான் சொல்வாள்.

"அப்பா!" என்று கூப்பிட்டாள் இன்பம்.

விசில் நின்றது.

"ஷூ நல்லா இல்லப்பா."

*

அப்பா திரும்பி வந்தார். அவள் முன்னால் தண்ணீரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாடாவை அவிழ்த்து ஷூவைக் கழற்றினார். தண்ணீர் அவர் மடியில் கொட்டியது. குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் உடைந்திருந்தது.

"எங்கேருந்து?"

"முதல் மடுவுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"நீங்க விசில் அடிச்சீங்க."

அப்பா கொப்புளத்தில் ஒட்டியிருந்த மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். சுகரா எதையோ பார்ப்பதுபோல மலையைப் பார்த்தாள்.

"தண்ணி உள்ள வராம இருக்க ஒரு மாசம் உழைச்சேன்," என்றார் அப்பா.

"பக்கத்துலேருந்து வரல. மேலேருந்துதான் வந்துச்சு. நீங்க செஞ்சதெல்லாம் சரிதான்ப்பா. ஆனா வந்த தண்ணிக்கு வெளிய போக வாசல் இல்ல."

"வாசலா?"

"ஓட்டை."

சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று இன்பத்துக்குத் தெரிந்தது. சுகரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க அத்தா கேட்டா மயக்கம் போட்டுடுவார்," என்றாள்.

அப்பா ஷூவை ஒரு கையால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். மெழுகு வைத்த இடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க போடறது?"

"உள்பக்கம். நடுக் காலுக்குப் பக்கத்துல, அடித்தோலுக்குச் சரியா மேல. வெளிப்பக்கம் வேணாம்ப்பா. அங்க கல் இடிக்குது. உள்பக்கம் இடிக்கல. நடந்து பார்த்தேன்ல."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு டிவைடர் இருக்கும். பேட்டர்ன் போடுகிறவர்களுக்கு அது பேனா மாதிரி. அதை எடுத்தார். முனையை இன்பம் காட்டிய இடத்தில் வைத்தார். கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு கல்லால் டிவைடரின் தலையில் தட்டினார்.

நல்ல தோல். சுலபமாக விடவில்லை. நான்கைந்து முறை தட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அடுத்த ஷூவில்.

அப்பா கைக்குட்டையைக் கிழித்துக் குதிகாலில் சுற்றிவிட்டார். இன்பம் ஷூவைப் போட்டுக்கொண்டு மடுவில் இறங்கினாள். தண்ணீர் மேலே வழிந்து உள்ளே போனது. கரையேறினாள். ஓர் அடி வைத்தாள்.

ஷூவின் பக்கத்திலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அடுத்த காலிலும் பீய்ச்சியது.

"ஏய்!" என்று கத்தினாள் சுகரா. "உன் ஷூ ஒண்ணுக்குப் போகுது!"

அப்பா சிரித்தார். முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வாயால். பிறகு பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு பக்கத்து மலையும் அதைத் திருப்பிச் சொன்னது. மேலே ஒரு குரங்கு பயந்துபோய் மரம் மாறியது.

நாலைந்து அடியில் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. கால் லேசாகிவிட்டது. சளக் சத்தமும் இல்லை. அவர்கள் இன்னும் மேலே போனார்கள். ஓர் இடத்தில் மலை ரொம்ப நெருங்கி வந்தது. இன்பம் இரண்டு கையையும் நீட்டினாள். வலது கை ஒரு மலையில், இடது கை இன்னொரு மலையில். ஈரப் பாறை சில்லென்று இருந்தது. தலைக்கு மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரிந்தது. எதிரே சின்னதாக ஓர் அருவி.

"தீவுலயும் இப்படித்தான் இருக்குமாப்பா?"

"இதைவிட வெள்ளையா இருக்கும்."

"அங்க குஸ்கா கிடைக்காது," என்றாள் சுகரா பொட்டலத்தைப் பிரித்தபடி.

அப்பாவும் உப்புமாவைத் திறக்கவில்லை.

*

திங்கட்கிழமை நிசார் மாமா ஷூவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழைய பழக்கம்.

"ஜெயகரா! எலி கடிச்சுடுச்சா?"

"இல்ல மாஸ்டர். நான்தான் போட்டேன்."

"நீயா? உன் கையாலயா? ஓட்டையா?" அவர் குரலில் சாம்பிள் ரூமில் எல்லா மிஷினும் நின்றது. "இது ஆம்பூர்! ஓட்டை ஷூ அனுப்பினா நம்ம மானம் கப்பல் ஏறிடும்!"

இன்பம் முன்னால் வந்தாள். லீவு நாள் என்பதால் அவளும் சுகராவும் கூடவே வந்திருந்தார்கள்.

"மாமா, நாடா கோக்கறதுக்கு முன்பக்கம் எத்தனை ஓட்டை இருக்கு?"

"அது ஓட்டை இல்ல. ஐலெட்டு. பித்தளை வளையம் போட்டிருக்கு."

"வளையத்துக்கு நடுவுல இன்னா இருக்கு?"

நிசார் மாமா ஷூவைத் திருப்பினார். முன்பக்க வளையத்தை உற்றுப் பார்த்தார்.

"அது நாடா போக. இது தண்ணி போக," என்றாள் இன்பம்.

"தண்ணிதான் உள்ளயே போகாதே! நான்தான் காட்டினேனே, தட்டுல வெச்சு!"

"தட்டுல நீங்க மேலேருந்து ஊத்தல மாமா."

மூலையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடந்தது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கும்போது போடுவது. நிசார் மாமா போய் அதைக் காலில் மாட்டிக்கொண்டார்.

"ஊத்து! தண்ணி போனா இன்னா ஆய்டும்னு நானே பார்க்கறேன்."

சுகரா இதற்காகவே பிறந்தவள் மாதிரி ஜக்கை எடுத்தாள். அத்தாவின் இரண்டு பூட்ஸிலும் வாய்வரை ஊற்றினாள்.

"கேட்வரைக்கும் போய்ட்டு வாங்க மாமா," என்றாள் இன்பம்.

சளக், சளக் என்று நிசார் மாமா நடந்தார். வாசல்வரை மிடுக்காக நடந்தார். மரத்தடியில் கொஞ்சம் குனிந்து நடந்தார். கேட்டுக்குப் பாதி வழியில் வாட்ச்மேன் எழுந்து நின்று, "இன்னா பாய், உள்ள மீன் வளர்க்கறீங்களா?" என்று கேட்டார். நிசார் மாமா அங்கேயே உட்கார்ந்து இரண்டு பூட்ஸையும் கழற்றிக் கவிழ்த்தார். வெறுங்காலோடு திரும்பி வந்தார். தீவுக்குப் போக வேண்டிய புது ஜோடியை எடுத்தார். ஐலெட் போடுகிற மிஷின் முன்னால் வைத்தார்.

"வெறும் ஓட்டையா அனுப்ப மாட்டேன்," என்றார். "பித்தளை வளையம் போட்டு, பளபளன்னு அனுப்புவேன். எங்க போடணும் பாப்பா? காட்டு."

இன்பம் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை பார்சல் போனது. இன்பம் போட்டு நடந்த ஜோடியையும் சேற்றோடு அதே பெட்டியில் வைக்கச் சொன்னார் அப்பா. நிசார் மாமாவுக்கு அதைத் துடைக்காமல் வைக்க மனசே வரவில்லை. இரண்டு முறை துணியை எடுத்தார். இரண்டு முறையும் சுகரா பிடுங்கிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்ததும் பதில் வந்தது. பக்கத்துத் துளையை அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதுவரை யாரும் அப்படிச் செய்து அனுப்பவில்லையாம். எல்லா அளவிலும் வேண்டும். அப்பாதான் எல்லாவற்றுக்கும் பேட்டர்ன் போட வேண்டும்.

அன்று சாயங்காலம் இன்பம் கம்பெனி வாசலில் அப்பாவுக்காகக் காத்திருந்தாள். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அப்பா முப்பதாம் நம்பர் காலுக்கும் முப்பத்தெட்டாம் நம்பர் காலுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அம்மா கடைசியா இன்னா சொன்னாங்க? அத்தை ஒண்ணு சொல்றாங்க. சர்ச்சுல வேற மாதிரி சொல்றாங்க."

"அவங்க யாரும் அப்ப ரூம்ல இல்ல. நான்தான் இருந்தேன்."

ரயில் வந்தது. அது போய் முடியும்வரை அப்பா காத்திருந்தார். 'ம்' என்று சொல்லி முடித்துவிடவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல இன்பம். கேட்டா உனக்குச் சிரிப்பு வரும்."

"பரவால்ல. நிஜமா சொன்னதைச் சொல்லுங்க."

கேட் திறந்தது. சைக்கிள்காரர்கள் மணி அடித்துக்கொண்டு கடந்து போனார்கள். அப்பா நின்ற இடத்திலேயே நின்று, அம்மா சொன்னதை அம்மா சொன்ன மாதிரியே சொன்னார்.

"என்னங்க, இன்பத்துக்கு ஸ்கூல் ஷூ கடிக்குதாம். நீங்க பேட்டர்ன் போட்டதாச்சே, சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு என்கிட்ட மட்டும் சொன்னா. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க. ஒரு சைஸ் பெருசா எடுத்துட்டு வாங்க."